காய்ச்சல் வரட்டும்

நகரி
4-2-2013

என் கண்ணு சுதீருக்கு ஆயா செங்கம்மா எழுதுவது. நான் சுகம். உன் நைனா கன்னையாவும் தங்கச்சி பிரமிளாவும் சுகம். அமெரிக்காவில் நீயும், உன்னிடம் வந்து சேர்ந்த உன் அம்மா கல்பனாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுது.

ஒளிக்காமல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மா புறப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை இளைத்துவிட்டான், சமைத்துப்போட ஆள் இல்லை என்றாள். இளைத்த பிள்ளைக்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் அனுப்பினால் போதாதா? ரசம் வைக்க ஏரோப்ளேன் ஏறுவார்களா? ரேணிகுண்டாவில் ரயில் மாறவே பயப்படுகிறவள் அவள்.

போனில் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. முப்பது வருஷம் பவர்லூம் சத்தத்தில் நின்ற காது. பிரமிளா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அண்ணன் நல்லா கீறானாம் ஆயா!" என்று என் முகத்துக்கு நேரே கத்துகிறாள். நல்லா இருக்கிறவன் வீட்டுக்குள்ளே எதற்குக் குல்லா போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறான்?

பிரமிளாவுக்குப் புத்தூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் காலேஜில் லெக்சரர். பெண்ணின் அண்ணன் அமெரிக்காவில் சாப்ட்வேர் என்று ரெண்டு தரம் சொன்னேன். முதல் தரம் தரகருக்கு. ரெண்டாம் தரம் கொஞ்சம் உரக்க, பக்கத்து வீட்டு ஜெயம்மாவுக்கு. அவள் பையன் குவைத்தில் டிரைவர் என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கலாமா?

கங்கம்மா உன்னைக் காக்கட்டும். பதில் போடு.

உன் ஆயா
செங்கம்மா


நியூ ஜெர்சி
23-2-2013

அன்புள்ள ஆயாவுக்கு, சுதீர் வணக்கம். உன் கடிதம் வந்தது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அழகுக்கு வைத்திருக்கிறாயா?

இங்கே முழங்கால் அளவு பனி. வீட்டுக்குள்ளும் தலை குளிர்கிறது. குல்லா அதற்குத்தான். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் கொஞ்சம் கம்மி என்றார். ஆபீஸில் லீவு கொடுத்திருக்கிறார்கள். அம்மா தினமும் கீரையாகப் போட்டு என்னை ஆடாக்கிவிட்டாள்.

தமிழ் எழுதி நாளாகிவிட்டது. தப்பு இருந்தால் சிரிக்காதே. ஐந்தாவதோடு என்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியது நீங்கள்தானே. அந்தக் கணக்குப்படி தமிழில் நீயும் நானும் ஒரே படிப்பு.

பிரமிளா கல்யாணத்தை எனக்காகத் தள்ளிப் போடவேண்டாம்.

உன் பேரன்
சுதீர்


நகரி
14-3-2013

கண்ணு சுதீருக்கு ஆயா. இங்கே நான் மட்டும் சுகம் என்று எழுதுகிறேன், மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

"எனக்காகத் தள்ளிப் போடவேண்டாம்" என்று எழுதியிருந்தாய். குளிருக்குக் குல்லா போட்டவன் அப்படி எழுதமாட்டான்.

உன் நைனா நல்லவன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். தறிக்கொட்டகையில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. எட்டுத் தறி ஓடும்போது இடி விழுந்தாலும் தெரியாது. வாயசைவைப் பார்த்துத்தான் நூல் கேட்போம், தீனி கேட்போம், வம்பு பேசுவோம். கிழவிக்குத்தான் காது கேட்காதே என்று, போன வாரம் கரண்ட் போய்த் தறி நின்றபோது, நான் பாவு நூல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் நின்று உன் அம்மாவோடு போனில் பேசினான். நான் நிமிர்ந்தேன். "ரத்தத்துல கேன்சர்" என்றான். "கொணமாச்சின்னாங்களே, மறுபடியும் எப்டி வந்திச்சி?" என்றான். அப்புறம், "அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்காது" என்றான்.

அந்த அம்மா நான்தான். நான் தாங்கிக்கொண்டு அறுந்த நூலைப் பிணைத்தேன்.

மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டேன். "கொழம்புல உப்பு ஜாஸ்தி" என்றான். "துன்னு" என்றேன்.

உன்னைத்தான் கேட்கிறேன். எனக்கு விளங்காது என்று நினைக்காதே. வாயால் சொன்னால் ஒரு தரம்தான். எழுத்தில் இருந்தால் விளங்கும் வரைக்கும் திரும்பத் திரும்பப் படிப்பேன். எழுது ராஜா.

ஆயா


நியூ ஜெர்சி
2-4-2013

அன்புள்ள ஆயாவுக்கு,

சுகம் என்று இந்தத் தடவை ஆரம்பிக்க முடியவில்லை. நீ கேட்டதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போன வருஷமே வந்தது. கீமோ என்று ஒரு மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டியது. வியாதி போய்விட்டது என்றார்கள். உனக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். டிசம்பரில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி ஏற்றிய மருந்துக்கு இந்தத் தடவை அது அசையவில்லை. அதனால்தான் அம்மா வந்தாள்.

இப்போது புதிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்கிறார்கள். இன்னும் சோதனையில் இருக்கிற வைத்தியம். உலகத்திலேயே கொஞ்சம் பேருக்குத்தான் செய்திருக்கிறார்கள். சிலர் பிழைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சிலர் போகவில்லை.

நம் ரத்தத்தில் காவல்காரர்கள் மாதிரி சில அணுக்கள் உண்டு. கிருமி வந்தால் அடித்துக் கொல்வது அவர்கள் வேலை. ஆனால் கேன்சர் வெளியாள் இல்லை. என் ரத்தமே கெட்டுப்போனதுதான் அது. சொந்தக்காரன் முகத்தோடு திரிகிறது. காவல்காரன் அதைப் பார்த்துவிட்டு, நம்ம ஆள் என்று விட்டுவிடுகிறான். அதனால் என் காவல் அணுக்களை வெளியே எடுத்து, லேபில் வைத்து, அவற்றுக்குள் ஒரு புது ஜீனைச் சேர்க்கிறார்கள். ஜீன் என்றால் உடம்புக்கு எழுதிக்கொடுக்கும் உத்தரவு. அதை உள்ளே கொண்டுபோவது ஒரு வைரஸ். பயப்படாதே, பல்லைப் பிடுங்கிய பாம்பு. அந்த உத்தரவு கிடைத்தால் காவல்காரனுக்குக் கேன்சரை அடையாளம் தெரியும். அப்புறம் பெருக்கி, எனக்கே திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

ஒரு ஆபத்து இருக்கிறது. ஏற்றியபின் பெரிய காய்ச்சல் வரும். வந்தால், உள்ளே சண்டை நடக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ஆனால் அந்தக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோகவும் கூடும்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

சுதீர்


நகரி
19-4-2013

என் ராஜா சுதீருக்கு ஆயா எழுதுவது. முட்டி வலி இல்லை. தைலம் தேய்த்தேன். இனிமேல் நீ சொன்னதெல்லாம் கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரமிளா, "நான் சொல்றேன் ஆயா" என்று வந்தாள். போடி என்றேன். உன் மேல் கோபமும் இல்லை. கையெழுத்து உன் கை, ரத்தம் உன் ரத்தம்.

நீ எழுதியது எனக்குப் புதிதில்லை கண்ணு. திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு வருஷா வருஷம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேனே, அந்தக் கதை வேறென்ன? பாளேகாடு என்ற பாளையக்காரன் ஊர்ப் பெண்களைப் பாழாக்கினான். கங்கம்மா கத்தியை எடுத்ததும் ஓடி ஒளிந்தான். ஒளிந்தவனை எப்படிப் பிடிப்பது? அம்மன் நாளுக்கு ஒரு வேஷம் போட்டாள். கடைசியில் துரை வேஷம் போட்டாள். யாரோ பெரிய துரை வந்திருக்கிறான் என்று அவன் வெளியே வந்தான். தலை போயிற்று. எங்கள் கதையில் வேஷம் போட்டவள் அம்மன். உன் கதையில் வேஷம் போட்டுத் திரிகிறவன் அந்தப் பாவி. யார் போட்டால் என்ன? தலை போகவேண்டியது அவனுக்குத்தான்.

காய்ச்சல் வரும் என்று பயந்து எழுதியிருக்கிறாய். காய்ச்சல் வரட்டும். அம்மன் ஒரு உடம்பில் இறங்கினால் அது சில்லென்றா இருக்கும்? உனக்குக் காய்ச்சல் என்று சேதி வந்த அன்றைக்கே நான் வாசலில் வேப்பிலை கட்டுவேன். அம்மை கண்ட வீட்டில் என்னென்ன முறை உண்டோ எல்லாம் செய்வேன். அங்கே டாக்டர் செய்வதை டாக்டர் செய்யட்டும். அவர் கொடுக்கிற மருந்தைத் தட்டாதே.

ஒன்று கேட்கிறேன். பல்லைப் பிடுங்கிய பாம்பு என்றாய். எந்தப் பாம்பு? எந்த வியாதியின் வைரஸ்? பேர் எழுதாமல் விட்டிருக்கிறாய். நீ பேர் எழுதாமல் விடுவதெல்லாம் நல்லதாக இருப்பதில்லை.

வேளைக்குத் துன்னு. உன் அம்மாவையும் துன்னச் சொல்.

ஆயா செங்கம்மா


நியூ ஜெர்சி, ஆஸ்பத்திரி
12-5-2013

அன்புள்ள ஆயா,

நீ சுகமா? நான் இதுவரை சுகம். அதுதான் கவலையாக இருக்கிறது.

அணுக்களை ஏற்றிவிட்டார்கள். இத்தனை மாசம் காத்திருந்தது ஒரு சின்னப் பை. நீ குங்குமம் மடித்துக் கொடுப்பாயே, அந்த மாதிரி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஏற்றும்போது அறையெல்லாம் பூண்டு நாற்றம். உறையவைத்துக் காக்கும் மருந்தின் வாசனையாம். அம்மா, "இவங்க ஊருலயும் பூண்டு ரசம்தான் மருந்து போலக்கீது" என்றாள். நர்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

இன்னும் காய்ச்சல் வரவில்லை. போன வருஷம் முழுக்க காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். இப்போதும் தொடுகிறாள். சில்லென்று இருந்தால் முகம் வாடிப்போகிறது.

பாம்பின் பேர் கேட்டாய். எய்ட்ஸ் வைரஸ். உள்ளே இருப்பதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் வண்டியாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு எய்ட்ஸ் வராது. இதைப் படித்துவிட்டுத் ஊரைக் கூட்டாதே.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தவறாமல் எழுது ஆயா. போனில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

சுதீர்


நகரி
27-5-2013

(இது இப்போது தபாலுக்குப் போகாது)

என் கண்ணே சுதீர்,

காய்ச்சல் வந்துவிட்டது என்று உன் நைனா வந்து சொன்னான். நூற்றைந்து டிகிரியாம். பிரஷர் இறங்கிவிட்டதாம். ஐசியூவில் வைத்திருக்கிறார்களாம். உனக்கு உன் அம்மாவையே அடையாளம் தெரியவில்லையாம். இந்தத் தடவை என்னிடம் ஒளிக்கவில்லை. என் எதிரில் வந்து நின்று, நான் வாயைப் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

நான் எழுந்து போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசலில் கட்டினேன்.

அன்றிலிருந்து தாளிப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கூழும் மோரும்தான். யாரும் தலை வாரவில்லை. உன் நைனாவும் முகச்சவரம் செய்யவில்லை. வீட்டிலிருந்து நெருப்பு, உப்பு, மோர், ஒரு துண்டு காகிதம் கூட வெளியே போகவில்லை. அம்மன் இருக்கிற வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுத்தால் அவள் பாதியிலே கோபித்துக்கொண்டு போவாள். அப்புறம் பிள்ளை கதி என்ன? அதனால் இந்தக் கடிதமும் போகாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. எழுதி அம்மன் கலசத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் அனுப்புவேன்.

ஜெயம்மா உறைமோர் கேட்டு வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா, வேப்பில கட்டிக்கீற? யாருக்கு அம்மா வந்துகீது? பிரமிளாவுக்கா?"

"என் பேரனுக்கு."

"சுதீருக்கா? எப்ப வந்தான் ஊருக்கு?"

"வரல. அமெரிக்காவுலதான் கீறான்."

"அமெரிக்காவுல கீறவனுக்கு நகரியில வேப்பிலயா? காத்து அவ்ளோ தூரம் போவுமா?"

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கட்ட வுடுவானா? அதான் இங்க கட்டிக்கீறேன்."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளிடம் சொல்லக்கூடாது என்று ஆயிரம் தரம் நினைத்தவள் நான்தான். "ரத்தத்துல கேன்சர்டி ஜெயம்மா" என்றேன். அவள் காலிக் கிண்ணத்தோடு போய்விட்டாள்.

புத்தூர்க்காரர்கள் முன்னால் சொல்லாமலே வந்து நின்றார்கள். வேப்பிலையைப் பார்த்து அந்தப் பையனின் அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். யாருக்கு என்றாள். யாரோ சின்னப் பிள்ளைக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பிரமிளாவைப் பார்த்தேன். "சொல்லு ஆயா. எங்க அண்ணனுக்குன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். நிதானமாகப் பார்ப்போம் என்று போனார்கள். அந்த நிதானம் என்னவென்று எனக்குத் தெரியாதா?

பாம்பின் பேர் படித்தேன். அந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஜாத்திரைக்கு நான் போகவில்லை. அவளே வந்துவிட்டாளே, நான் எங்கே போவேன்?

சண்டையை முடித்துவிட்டு வா கண்ணு.

ஆயா


நியூ ஜெர்சி, ஆஸ்பத்திரி
9-6-2013

ஆயா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஐசியூவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஒரு மருந்தை ஏற்றினார்களாம். காய்ச்சல் இறங்க ஆரம்பித்ததாம். இன்னும் சாயங்காலத்தில் லேசாக வருகிறது. எலும்புக்குள் ஊசி குத்திப் பார்த்தால்தான் வியாதி போனதா என்று தெரியும். உடம்பு தேறட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க தினமும் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். நான் தமிழில் எழுதினேனாம். நர்ஸ் அதை அம்மாவிடம் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாளாம். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு அழுதாளாம். நான் எழுதியது, "ஆயா கடுதாசி வந்துச்சா?"

வரவில்லை. நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நைனாவிடம் போனில் கேட்டேன். "ஆயா நல்லா கீறாங்க. சும்மாதான் எழுதல" என்றார். பிரமிளாவும் அதையே சொன்னாள். எனக்கு இந்தப் பேச்சு தெரியும் ஆயா. நான் உனக்குச் சொன்ன பேச்சு இது. குல்லா குளிருக்கு என்று எழுதினேனே, அதே பேச்சு. கேன்சர்காரனிடம் எதைச் சொல்லக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள்.

சோறு இறங்கவில்லை. அம்மா கெஞ்சுகிறாள். நீ இருக்கிறாயா? இருந்தால் உன் கையால் ஒரு வரி எழுது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது எழுது. வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

சுதீர்


நகரி, தெரு
25-6-2013

அடே சுதீர்,

இருக்கிறேன். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

உன் நைனாவை நன்றாகத் திட்டினேன். "வூட்ல அம்மன் கீறா, அதான் கடுதாசி வெளிய போவல" என்று சொல்வதற்கென்ன? "அமெரிக்கா ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கீறவன்கிட்ட வேப்பில கதய எப்டிம்மா சொல்றது? சிரிப்பான்" என்கிறான். சிரித்தால் என்ன? சிரித்தால் சோறு இறங்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழுதாவிட்டால் நீ துன்னமாட்டாய். எழுதி அனுப்பினால் முறை தப்பும். உனக்கு இன்னும் சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறது, அவள் இன்னும் உன் உடம்பை விட்டு இறங்கவில்லை. இந்த நேரத்தில் நான் தப்பு செய்து, அங்கே உனக்கு ஒன்று ஆகிவிட்டால்? எழுந்தேன், உட்கார்ந்தேன். கடைசியில் அவளிடமே கேட்டேன். "ஏம்மா, வூட்லருந்து எதுவும் வெளிய போவக் கூடாது, அவ்ளோதானே? வெளிய கீறது வெளியவே போனா உனக்கு இன்னா?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம்.

அதனால் வேப்பிலைக்கு இந்தப் பக்கம், தெருவில், ஜெயம்மா வீட்டு எதிரில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் ஜெயம்மாவுடையது. பேனா ஜெயம்மாவுடையது. கவரும் அவளே வாங்கி வந்தாள். என் வீட்டிலிருந்து வெளியே வந்தது நான் ஒருத்திதான். எழுதி முடித்ததும் நானும் உள்ளே போய்விடுவேன். அம்மனுக்கும் சட்டம் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜெயம்மாவிடம் பேனா கேட்கப் போகும்போது கால் வரவில்லை. இவளிடமா என்று இருந்தது. "உன் பையன் குவைத்துலருந்து வாங்கியாந்த பேனாவா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினேன். "ஆமாக்கா, ரெண்டு கீது. ஒண்ண நீயே வெச்சிக்கோ" என்றாள். வேண்டாம், உள்ளே கொண்டுபோனால் அப்புறம் வெளியே வராது என்றேன்.

உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது கேட்டாய். மூன்றாவது படிக்கும்போது திருப்பதி ஜாத்திரையில் உடம்பெல்லாம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு வேஷம் போட்டாய். வேஷக்காரன் திட்டினால் யாரும் கோபிக்கக் கூடாது, அது முறை. எதிரில் உன் கணக்கு வாத்தியார் வந்தார். ஆசை தீரத் திட்டினாய். வார்த்தை பத்தாமல் என்னிடம் ஓடி வந்து, "இன்னும் ஒண்ணு சொல்லு ஆயா" என்றாய். உன் காதில் ஒன்று சொன்னேன். நீ போய்ச் சொன்னதும் வாத்தியார் குடையைக் கீழே போட்டார். அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். ஜெயம்மா எட்டிப் பார்க்கிறாள்.

நம்புகிறாயா? நம்பினால் துன்னு.

தெருவிலிருந்து
உன் ஆயா


நியூ ஜெர்சி
14-7-2013

அன்புள்ள ஆயாவுக்கு,

நம்பினேன். அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், கரண்டியோடு அடிக்க வந்தாள். அன்றைக்கு ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

காய்ச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. எலும்பில் ஊசி குத்திப் பார்த்துவிட்டார்கள். போனில் நைனாவுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆனால் என் கையெழுத்தில் பார்க்காமல் நீ தண்ணீர் ஊற்றமாட்டேன் என்கிறாயாம். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னது இது: "தேடினோம். ஒன்றும் காணவில்லை."

"போய்விட்டதா?" என்று கேட்டேன்.

"காணவில்லை" என்றுதான் மறுபடியும் சொன்னார். என் தோளைத் தட்டினார்.

திரும்ப வரலாம் ஆயா. வராமலும் இருக்கலாம். இவர்களுக்கே இன்னும் தெரியாது. எனக்கு ஏற்றிய அணுக்கள் உள்ளேயே காவல் இருக்கின்றனவாம். கெட்டதோடு சேர்த்து நல்ல அணுக்கள் சிலவற்றையும் கொன்றுவிடுகின்றன. அதற்கு மாசா மாசம் ஊசி வழியாக வேறு ஆட்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த சத்து ஏற்ற வேண்டும். முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்தது. சோதனைக்கு மறுபடி மறுபடி போகவேண்டும். இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது.

பிரமிளா விஷயம் இப்போதுதான் அம்மா சொன்னாள். என்னால்தானே ஆயா?

தண்ணீர் ஊற்று. நானும் இன்றைக்குத் தலைக்குக் குளித்தேன். தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது.

சுதீர்


நகரி
2-8-2013, ஆடி வெள்ளி

என் ராஜா சுதீருக்கு ஆயா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் உன் அம்மாவும் சுகம் என்று உன் எழுத்திலேயே பார்த்துவிட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மாநிலத்தை ரெண்டாகப் பிரிக்கப் போகிறார்களாம். சித்தூர், திருப்பதி எல்லாம் பந்த். பஸ் இல்லை, கடை இல்லை. இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. தாமதமானால் நான் செத்துவிட்டேன் என்று நினைத்துச் சோற்றை ஒதுக்காதே. மே மாதம் எழுதி வைத்ததையும் இதோடு அனுப்புகிறேன்.

பிரமிளாவைப் பற்றி வருத்தப்படாதே. "படியில நின்னு பாத்துட்டுப் போறவங்க வூட்டுக்குள்ள நான் எப்டி ஆயா போயி குடும்பம் பண்றது?" என்றாள். பேத்தி என்னைவிடத் திமிர்.

காலையில் கலசத்து நீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்தேன். தண்ணீர் அம்மன் இறங்கிய உடம்புக்குத்தான் ஊற்றவேண்டும். நீ அங்கே. யார் தலையில் ஊற்றுவது? உன் நைனாவை உட்கார் என்றேன். "அம்பது வயசுல தெருவுல உக்காந்து குளிக்கட்டா? தறிக்காரனுங்க பாத்தா கிண்டல் பண்ணுவானுங்க" என்று உள்ளே போய்விட்டான். சரி, பூமாதேவிக்கு ஊற்றுவோம் என்று, உன் பேர் சொல்லிச் சொம்பைச் சாய்க்கப் போனேன்.

"அக்கா, நில்லு!" என்று ஜெயம்மா ஓடி வந்தாள். ஓடி வந்ததைப் பார்த்தேன், வாயசைவையும் பார்த்தேன். "சும்மா மண்ணுல ஊத்திக்கினு கீற? என் தலையில ஊத்து."

"நீ எதுக்குடி? இது சுதீருக்கு ஊத்தற தண்ணி."

"தெரியும். அதான் வந்தேன். ஒரு தல வேணுமில்ல?"

தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்காமல் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கிழக்கு முகமாகத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "சீக்கிரம் ஊத்துக்கா, அடுப்புல பால் வெச்சிட்டு வந்துகீறேன்" என்றாள்.

உன் பேர் சொல்லி ஊற்றினேன். வேப்பிலை அவள் காதில் ஒட்டிக்கொண்டது.

"போதுமாடி?" என்று கேட்டேன்.

முகத்தை வழித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு சொம்பு ஊத்துக்கா. ஆஸ்பத்திரியில கெடந்த புள்ள, நல்லா குளிக்கட்டும்" என்றாள்.

ஊற்றினேன்.

உன் ஆயா
செங்கம்மா